செவ்வாய்க்கிழமை நான் குதிக்கவில்லை

பாப்பா, தம்பி,

போன வருஷம் மூன்று மாதம் அப்பா ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தது உங்களுக்குத் தெரியும். ரப்பர் வாரில் கோத்த ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பேன். தம்பி, நீ அதை 'அப்பாவோட பேட்டரி' என்று கூப்பிட்டாய். பாப்பா, நீ பள்ளித் தோழிகளிடம் "எங்கப்பா யூனிவர்சிட்டி ரிசர்ச்ல இருக்காரு" என்று பெருமையாகச் சொல்லி வைக்க, அதில் ஒரு பிள்ளையின் அம்மா என்னைச் சந்தையில் பார்த்து, "நீங்க லெக்சரரா சார்?" என்று கேட்டுவிட்டார். கையில் கங்குங் கீரைக் கட்டோடு நின்றிருந்த நான், "இல்லம்மா, நான் சோதனை எலி" என்றேன்.

இதெல்லாம் நாம் சேர்ந்து சிரித்ததுதான். ஆனால் ஆறாவது வாரத்தில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்குத் தெரியும். ஆலையில் என் பக்கத்து வரிசையில் நிற்கிற உறுமி மாமாவுக்குத் தெரியும். உங்களிடம் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, முக்கியமாகப் பாப்பாவிடம். ஏன் என்பது படிக்கும்போது புரியும். நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

முதலில், ஏன் சேர்ந்தேன் என்று சொல்கிறேன். அரசாங்க கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். ரத்த அழுத்தமும் கொஞ்சம் கூட. டாக்டர் சின்ன வயசுக்காரர். "இப்ப மருந்து வேணாம். நாலு மாசம் பாப்போம். நடங்க, உடம்ப அசைங்க. குறையலன்னா மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்றார். உங்கள் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் எல்லைக்கோட்டில் ஆரம்பித்தது. அவர் இடது கால் விரல்களைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. தீபாவளிக்குப் போகும்போதெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். எனக்கு அன்றைக்கு மாத்திரையைவிட அந்தக் கால்தான் கண் முன்னால் நின்றது.

நான் டாக்டரிடம் சொன்னேன், "டாக்டர், நான் பட்டறையில எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை செய்யறவன். இதுக்கு மேல என்ன அசையறது?" அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த வாரமே எங்கள் துணி ஆலை கேண்டீனில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய, ஷிப்ட் வேலை செய்கிற, சர்க்கரை எல்லையில் உள்ள ஆட்கள் தேவை. பன்னிரண்டு வாரம் உடற்பயிற்சி சொல்லித் தருவோம், உடம்பில் என்ன மாறுகிறது என்று அளப்போம் என்று மலாயில் எழுதியிருந்தது. இலவசம். நான் பெயர் கொடுத்தேன்.

பாப்பா, அவர்கள் கொடுத்த பாரத்தை நீதான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்து எனக்குத் தமிழில் சொன்னாய். அதில் ஒரு வரி: கருவியை வேறு யாரும் அணியக் கூடாது. மீறினால் ஆராய்ச்சியிலிருந்து நீக்கப்படலாம். அதைப் படித்துவிட்டு நீ என்னைப் பார்த்து, "இத யாருப்பா போய் வேற ஆளுக்குக் கட்டுவாங்க, முட்டாளா" என்றாய். நானும் தலையை ஆட்டினேன். கையெழுத்துப் போட்டேன்.

சோதனை நடந்தது பட்டணத்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில். கீழே மின்விளக்குக் கடை. மேலே ஒரு நீளமான அறை, இரண்டு சைக்கிள்கள், நாற்காலிகள், ஒரு கணினி. ஆராய்ச்சி செய்தது ஒரு தமிழ்ப் பெண், மூவார் ஊர்க்காரி. நான் "டாக்டர்" என்று கூப்பிட்டேன். "இன்னும் ஆகல அங்கிள். இது முடிஞ்சாத்தான் ஆவேன். உங்க கையிலதான் இருக்கு" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் நான் அவளை 'டாக்டர்' என்றே கூப்பிட்டேன்.

முதல் நாள் என்னை நகராத சைக்கிளில் ஏற்றி, மூக்கையும் வாயையும் மூடுகிற முகமூடி ஒன்றை மாட்டினாள். அதிலிருந்து ஒரு குழாய் கணினிக்குப் போனது. நான் இழுக்கிற மூச்சில் எவ்வளவு காற்றை உடம்பு உண்மையில் பயன்படுத்துகிறது என்று அது அளக்குமாம். மிதிக்க மிதிக்கச் சக்கரத்தைக் கனமாக்கிக்கொண்டே போனாள். வாய் மூடியிருப்பதால் பேச முடியாது. எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதைச் சுவரில் இருந்த அட்டையில் ஒரு எண்ணைத் தொட்டுக் காட்ட வேண்டும். நான் கடைசிவரை 'சுலபம்' என்ற எண்ணையே தொட்டேன். வியர்வை கண்ணுக்குள் ஓடுகிறது, கால் நடுங்குகிறது, விரல் மட்டும் 'சுலபம்' மேல்.

அவள் நிறுத்திவிட்டு முகமூடியைக் கழற்றினாள்.

"அங்கிள், உங்க இதயம் ஒண்ணு சொல்லுது, விரல் ஒண்ணு சொல்லுது."

"இல்லம்மா, போலே, போலே. இன்னும் முடியும்."

"முடியுமான்னு கேக்கல. கஷ்டமா இருக்கான்னு கேக்கறேன்."

இருபத்தாறு வருஷமாக யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பட்டறையில் மேலதிகாரி கேட்பதெல்லாம் முடியுமா என்பதுதான். முடியும் என்று சொல்லிப் பழகிய வாய்.

முதல் வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். எழுந்ததிலிருந்து படுக்கிற வரை கட்டியிருக்க வேண்டும், குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். உடம்பு அசைவதை நிமிடத்துக்கு நிமிடம் அது பதிவு செய்யும். வார முடிவில் அவள் கணினியில் திறந்து காட்டினாள். எட்டு மணி நேரம் நான் உயிரைக் கொடுத்து நின்ற வேலை, திரையில் வாசல் கோலப் புள்ளி மாதிரி சின்னச் சின்னதாக இருந்தது. நான் அவளைப் பார்த்தேன்.

"மெஷின் சரியில்லையா மா?"

"மெஷின் சரிதான் அங்கிள். நீங்க நிக்கறீங்க, நாலு அடி வைக்கறீங்க, மறுபடியும் நிக்கறீங்க. கால் வலிக்கும், களைப்பு வரும். ஆனா இதயத்துக்கும் பெரிய தசைக்கும் வேலை போகல. களைப்பு வேற, பயிற்சி வேற."

இந்த ஒரு பேச்சை நீங்கள் இரண்டு பேரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஐம்பது வயதில்தான் கேட்டேன்.

பிறகு பயிற்சி தொடங்கியது. தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தொடையிலும் பின்புறத்திலும்தான் பெரிய தசைகள் இருக்கின்றன. அதனால் அவற்றுக்கு வேலை கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது, இவ்வளவே போதும் என்றாள். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுப்பது, சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் வேகமாக நடப்பது. வேகம் என்றால், பேச முடியும், பாட முடியாது, அந்த அளவு.

சாப்பாட்டு நேரத்தில் ஆலையின் வேலி ஓரமாக நடக்க ஆரம்பித்தேன். கேண்டீன் ஜன்னலில் தலைகள் முளைத்தன.

"மச்சான், எங்க, பொண்ணு பாக்கவா?" இது உறுமி மாமா.

"இவன் நடக்கற வேகத்துக்கு ஷிப்ட் முடியறதுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிடுவான் லா" என்றார் இன்னொருவர்.

அவர்கள் சிரிக்கட்டும். மூன்றாவது வாரம் முடிவதற்குள் மாடிப்படி ஏறும்போது மூட்டு முனகவில்லை. இரவில் நல்ல தூக்கம் வந்தது. நாலாவது வாரம் என் பழைய பெல்ட்டில் ஓர் ஓட்டை உள்ளே போனது. உங்கள் அம்மா என் கால்சட்டையை வாங்கிப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். நான் விடாமல் பிடித்துக்கொள்ள நினைத்தது இதைத்தான். வீட்டில் தனியாக இருந்தால் இரண்டு வாரத்தில் விட்டிருப்பேன். யாரோ அளக்கிறார்கள், யாரோ எழுதிக்கொள்கிறார்கள் என்பதால்தான் செய்தேன். ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டால் நான் மறுபடியும் நாற்காலியில் சாய்ந்துவிடுவேன் என்று எனக்கே என்னைப் பற்றித் தெரியும்.

இனி ஆறாவது வாரம். அந்த வாரம் மறுபடியும் பெட்டியைக் கட்ட வேண்டும்.

அதற்கு முன் எங்கள் வேலையைப் பற்றி ஒன்று சொன்னால்தான் நான் செய்தது விளங்கும். நாங்கள் ஓட்டுவது துணி பின்னும் மெஷின். ஆளைவிட உயரமாக, வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்கு எட்டு மெஷின், பக்கத்து வரிசையில் உறுமி மாமாவுக்கு எட்டு. ஒவ்வொன்றிலும் சுற்றுகளை எண்ணும் ஒரு மீட்டர் உண்டு. நூல் அறுந்தால் மெஷின் நிற்கும், மீட்டரும் நிற்கும். ஷிப்ட் முடிவில் லைன் லீடர் அந்த எண்ணைத்தான் பார்ப்பார். ஆள் முகத்தைப் பார்க்க மாட்டார். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். கழிப்பறைக்குப் போனாலும், சாப்பிடப் போனாலும், "மச்சான், ஜாகா பண்ணு" என்றால் போதும். பக்கத்து ஆள் நம் மெஷினைப் பார்த்துக்கொள்வார், அறுந்த நூலை முடிந்து ஓட்டிவிடுவார். மீட்டர் நிற்கக் கூடாது. ஒருவருக்கொருவர் இதை இருபது வருஷமாகச் செய்கிறோம். இதை ஏமாற்று என்று யாரும் நினைப்பதில்லை. ஜாகா பார்க்காதவன்தான் கெட்டவன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது மழையில் மாட்டிக்கொண்டேன். மோட்டார் சைக்கிளில் நனைந்து, ஈர உடம்போடு ஏர்கோன் குளிரில் நின்றேன். மூன்று மணிக்கு ஷிப்ட் முடியும்போது பல் கிட்டியது. லாக்கர் அறையில் சட்டை மாற்றும்போது இடுப்பில் பெட்டி கையில் பட்டது. நாளைக்கு நான் படுக்கையில் கிடப்பேன். இது நின்றுவிடும். என் மனதில் ஓடியது அவ்வளவுதான். பாரமோ, கையெழுத்தோ, பாப்பா படித்த வரியோ ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. வந்தது. ஆனால் மீட்டர் நிற்கப் போகிறது என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது.

"மச்சான், நாளைக்கு வரமாட்டேன் போல. இத ஜாகா பண்ணு" என்று கழற்றிக் கொடுத்தேன்.

மாமா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நான் கட்டிக்கிட்டா தெரியாதா?"

"உனக்கும் எட்டு மெஷின், எனக்கும் எட்டு மெஷின். ஒரே நடைதானே. படுக்கற வரைக்கும் கழட்டாத. குளிக்கும்போது மட்டும்."

"சரி போ. போய் பெனடால் போட்டுப் படு."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் எம்சி விடுப்பு எடுத்துப் படுத்துக் கிடந்தேன். நீங்கள் பள்ளிக்குப் போவதும் வருவதும்கூட அரைத்தூக்கத்தில் கேட்டது. வியாழன் காலை மாமா பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு நிமிஷம் சும்மா விடல மச்சான். நீ சொன்ன மாதிரியே." நான் நன்றி சொல்லிவிட்டு என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைவீட்டு மாடிக்குப் போனேன். அவள் பெட்டியைக் கணினியில் சொருகினாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு இன்னும் கிட்டத்தில் பார்த்தாள்.

"அங்கிள், செவ்வாய்க்கிழமை சாயந்தரம் என்ன செஞ்சீங்க?"

"செவ்வாயா? வேலை முடிஞ்சி வீட்டுக்குப் போனேன் மா."

"அப்புறம்?"

"சாப்பிட்டேன்."

"அப்புறம்?"

"என்ன மா?"

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். கோலப் புள்ளிகளுக்கு நடுவில், ஐந்தரை மணியிலிருந்து ஒன்பதரை மணி வரை, சுவர் வைத்த மாதிரி ஒரு கறுப்புக் கட்டை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா என்னதான் செய்தார்? ஓடினாரா? எதற்கு?

"வீட்ல கொஞ்சம் வேலை இருந்துச்சு மா. அலமாரி நகர்த்தினோம்."

"நாலு மணி நேரமா?"

"பெரிய அலமாரி."

"அங்கிள், இது நடக்கற மாதிரி இல்ல, ஓடற மாதிரியும் இல்ல. மேல கீழ போகுது. அலமாரியோட குதிச்சீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் இருந்தது சந்தேகம் இல்லை, பயம். அதுதான் என்னைக் கலக்கியது.

"நெஞ்சு வலி வந்துச்சா? தலை சுத்துச்சா? உங்களுக்கு ப்ரெஷர் இருக்கு அங்கிள். இவ்வளவு நேரம் இப்படிச் செய்யக் கூடாது. நான் குடுத்த பயிற்சியால நீங்க வேகம் பிடிச்சி அதிகமா செய்யறீங்களான்னு எனக்குப் பயமா இருக்கு. என் புரொபசர்கிட்ட சொல்லணும். டாக்டர் பாத்து இதயத்தைச் சோதிக்கற வரைக்கும் உங்களுக்குப் பயிற்சி நிறுத்தி வைக்கறேன். மன்னிச்சுக்குங்க."

"நல்லாத்தான் இருக்கேன் மா."

"நீங்க எப்பவும் நல்லாத்தான் இருக்கீங்க அங்கிள்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். பெட்டியைக் கொடுத்ததையும் சேர்த்து. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கைத்தொலைபேசியை எடுத்து எதையோ தேடினாள்.

"செவ்வாய்க்கிழமை உறுமி அண்ணன் போட்ட வீடியோ. நீங்க காய்ச்சல்ல கிடந்தீங்க, நான்தான் பாத்தேன்."

சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு கோயில் திருவிழா. சாமி ஊர்வலம். உறுமி மேளக் குழு. நடுவில் நம் மாமா, கழுத்தில் உறுமி, மஞ்சள் சட்டை வியர்வையில் ஒட்டிப்போய், முட்டி மார்பில் படுகிற மாதிரி குதித்துக் குதித்து அடிக்கிறார். சட்டை மேலே ஏறும்போதெல்லாம் இடுப்பில் ஒரு கறுப்புப் பெட்டி துள்ளுகிறது.

"இது உங்க பேட்டரிதானே?" என்றாள் அம்மா.

"அலமாக்" என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அம்மா சிரிக்க ஆரம்பித்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வெங்காயத்தாலா சிரிப்பாலா என்று தெரியவில்லை. நானும் சிரித்தேன். அப்புறம் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா எடுத்துருவாங்க. பாரத்துல இருக்கு."

"அந்தப் பொண்ணு உங்க நெஞ்சுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துக்கிட்டு உக்காந்திருக்கு. நீங்க அலமாரிக் கதை சொல்லிட்டு வந்திருக்கீங்க. அது படிப்பு இல்லையா அதுக்கு? நம்ம பாப்பா நாளைக்கு இப்படி ஒண்ணு படிச்சா?"

அதோடு அவள் வெங்காயத்தை நறுக்கப் போய்விட்டாள். நான் மாமாவுக்குப் போன் போட்டேன்.

மறுநாள் வேலை முடிந்து இருவரும் கடைவீட்டு மாடிக்குப் போனோம். நான் தனியாகப் போகத்தான் நினைத்தேன். "நான் கட்டினது, நான் வர்றேன் லா" என்று மாமா பிடிவாதமாக வந்துவிட்டார். படி ஏறும்போது மாமாவுக்கு மூச்சு வாங்கவே இல்லை என்பதையும் கவனித்தேன்.

அவள் எங்கள் இருவரையும் பார்த்து எழுந்து நின்றாள். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"மா, செவ்வாய்க்கிழமை நான் குதிக்கல. எனக்குக் காய்ச்சல். படுத்திருந்தேன். இவன்தான் கட்டியிருந்தான். தப்பு என்னோடது."

மாமா கைத்தொலைபேசியை நீட்டினார். அவள் வீடியோவைப் பார்த்தாள். முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் முடியவில்லை, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா?" என்றார் மாமா. "என் ஹார்ட் எப்படி?"

"பிரமாதம் அங்கிள். நீங்க என் ஆராய்ச்சிக்குத் தேவையே இல்ல."

"பாத்தியா மச்சான்" என்றார் மாமா என்னிடம்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். என்னைப் பார்த்தாள். குரல் மாறியிருந்தது.

"அங்கிள், ஏன் குடுத்தீங்க?"

நான் ஜாகா பழக்கத்தைச் சொன்னேன். மீட்டரைச் சொன்னேன். நின்றால் உனக்கு நஷ்டம் என்று நினைத்தேன் மா, என்றேன்.

"நின்னதுதான் எனக்கு வேணும் அங்கிள். காய்ச்சல் வந்து ஒருத்தர் ரெண்டு நாள் படுத்தா, அப்புறம் எத்தனை நாள்ல பழைய நடைக்கு வர்றாரு, அதையும்தான் நான் பாக்கறேன். நீங்க படுத்திருந்த செவ்வாய் எனக்கு ஒரு வெறும் நாள் இல்ல. இப்ப அது போயிடுச்சு." திரையில் அந்தக் கறுப்புக் கட்டையைத் தொட்டுக் காட்டினாள். "இந்தக் கோடு பொய் சொல்லல. ஒரு மனுஷன் நாலு மணி நேரம் ஆடினது நிஜம். அது நீங்கங்கறது மட்டும்தான் பொய்."

எனக்குத் தலை நிமிரவில்லை. பட்டறையில் திட்டு வாங்கியிருக்கிறேன். சத்தமாக, மூன்று மொழியில் வாங்கியிருக்கிறேன். இது திட்டே இல்லை. ஆனாலும் காது சுட்டது.

"நான் ஒளிச்சு வைக்க முடியாது. புரொபசர்கிட்ட சொல்லியாகணும். நீங்க தொடரலாமா இல்லையான்னு அவர்தான் சொல்லணும். உங்கள எடுத்தாலும் எடுப்பாங்க அங்கிள்."

"சரி மா. சொல்லுங்க."

நாலு நாள் பதில் வரவில்லை. அந்த நாலு நாளும் என்னிடம் பெட்டி இல்லை. என் பெயர் எந்தக் கணக்கில் இருக்கிறது என்றும் தெரியாது. முதல் நாள் சாப்பிட்டு முடித்து கேண்டீனிலேயே உட்கார்ந்திருந்தேன். யாருக்காக நடப்பது? மீட்டர் இல்லாத மெஷினை எவனாவது ஓட்டுவானா? மாமா எதிரில் உட்கார்ந்து பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார்.

"நடக்கலியா?"

"நிறுத்தி வச்சிருக்காங்களே."

"அது குதிச்சவனுக்கு லா. நீ எங்க குதிச்ச? உன் காலையுமா எடுத்துட்டுப் போயிட்டாங்க?"

நான் எழுந்துகொண்டேன். உண்மை தெரிந்த பிறகு நெஞ்சைப் பற்றிய பயம் அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. வேலி ஓரமாக ஒரு சுற்று. வெயில். வேலிக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் ஒரு உடும்பு தலையை நீட்டிப் பார்த்தது. எண்ணுகிற ஆள் இல்லை, எழுதிக்கொள்கிற ஆள் இல்லை. முதலில் அது வெறுமையாக இருந்தது. அரைச் சுற்றுக்குப் பிறகு அவ்வளவு மோசமாக இல்லை. மூச்சு கொஞ்சம் ஏறியது, முதுகு வியர்த்தது, முன்பு போலவே. என் தொடைக்குப் புரொபசரைத் தெரியாது. அது பாட்டுக்கு வேலை செய்தது. இரண்டாம் நாளும் நடந்தேன். மூன்றாம் நாளும் நடந்தேன். அந்த மூன்று மாதத்தில் எனக்கு மிகப் பிடித்த நாட்கள் எவை என்று கேட்டால் இவற்றைத்தான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் செய்தி வந்தது. 'வாங்க அங்கிள். தொடரலாம். ஆறாவது வாரம் செல்லாது. மறுபடியும் ஒரு வாரம் கட்டணும். நீங்க மட்டும்.' கடைசி இரண்டு வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

நான் போனதும் புரொபசர் என்ன சொன்னார் என்று கேட்டேன். நானே வந்து சொன்னதால் விட்டாராம். அதோடு அவளிடம் ஒன்று கேட்டிருக்கிறார்: இந்த ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று நீ முதலிலேயே விசாரித்தாயா என்று. விசாரிக்கவில்லை என்று அவள் ஒப்புக்கொண்டாளாம். அதன் பிறகு அவள் ஒவ்வொரு ஆளையும் உட்காரவைத்து, "ஜாகா பண்ணக் கூடாது" என்று அந்த வார்த்தையாலேயே சொன்னாள். அப்படிச் சொன்னதும் வேறு இருவர் தலையைச் சொறிந்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அவர்கள் யார் என்று நான் எழுதப் போவதில்லை.

பன்னிரண்டாவது வாரம் மறுபடியும் சைக்கிள், முகமூடி. முதல் தடவையைவிடக் கனமான சக்கரத்தை, கூடுதல் நேரம் மிதித்தேன். கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இறங்கியிருந்தது, பெரிதாக இல்லை. டாக்டர், "மாத்திரை இப்ப வேணாம். ஆறு மாசம் கழிச்சி வாங்க. செய்யறத விடாதீங்க" என்றார். நான் வெளியே வந்து நர்ஸ் மிஸ்ஸியிடம் அடுத்த தேதியை வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன், ஆனால் கோடு இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நடப்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

பாப்பா, நீ அன்றைக்கு மேசையில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். வேறு ஆளுக்குக் கட்டக் கொடுத்த முட்டாள் உன் அப்பாதான்.

கடைசி நாள் அந்தப் பெண் என் வாரங்களை எல்லாம் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தாள். முதல் வாரம், எட்டாவது வாரம், பன்னிரண்டாவது வாரம். ஆறாவது வாரத்துக்கு ஏழு கட்டங்கள் போட்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல் வெள்ளையாக விட்டிருந்தாள். வீட்டுக்கு வந்தபோது யாரும் இல்லை. நீங்கள் பள்ளியில், அம்மா கடையில். நான் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, தம்பியின் பென்சில் பெட்டியிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, செவ்வாய்க்கிழமைக் கட்டத்துக்குள் சின்ன எழுத்தில் எழுதினேன்: காய்ச்சல். படுத்திருந்தேன். பக்கத்துப் புதன் கட்டத்திலும் அதையே எழுதினேன். மை காய்கிற வரை ஊதிவிட்டு, தாளை மடித்து, உங்கள் பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வைத்தேன்.